58 சிசி மிஷினுக்கு எந்த பிட்ச் செயின்?

மரம் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் செயினில் வந்து நிற்கும். அதிலும் 45 சிசியிலிருந்து 60 சிசி வரை உள்ள நடுத்தர மிஷின்காரர்களுக்கு ஒரு சந்தேகம் தீரவே தீராது. இப்போது ஓடுகிற .325 இஞ்ச் பிட்ச் (செயின் ரிவெட்டுகளின் இடைவெளியைச் சொல்லும் அளவு) செயினைக் கழற்றிவிட்டு 3/8 இஞ்ச் போட்டால் என்ன? பல் பெரிதாக இருக்கிறது, பெரிய மிஷின்களில் எல்லாம் அதுதான் ஓடுகிறது, அப்படியானால் நம்முடையதும் வேகமாக அறுக்குமே என்பது அவர்கள் கணக்கு. 30 சிசி மிஷின் வைத்திருப்பவருக்கு இந்தக் குழப்பம் இல்லை, அதில் பெரும்பாலும் உயரம் குறைந்த 3/8 லோ புரொஃபைல்தான் வரும். 70 சிசிக்குப் போனால் முழு 3/8. பழைய ஸ்டில் 070 மாதிரி 100 சிசியைத் தாண்டியவற்றில் .404. நடுவில் இருப்பவருக்குத்தான் இதுவும் போடலாம் அதுவும் போடலாம் என்கிற நிலை, அதனால்தான் இவ்வளவு பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 60 சிசிக்குக் கீழே உள்ள மிஷினுக்கு .325தான் சரி. சில வேலைகளுக்கு மட்டும் 3/8 பொருந்தும், அதையும் சொல்கிறேன். வேகம் போதவில்லை என்று பிட்சை மாற்ற நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பல்லின் கூர், ரேக்கர் (பல்லுக்கு முன்னால் நிற்கும் மேடு) உயரம், பார் (செயின் சுற்றி ஓடும் நீளப் பட்டை) நீளம், ஸ்ப்ராக்கெட்டின் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) தேய்மானம், இந்த வரிசையில். இவை எல்லாம் ஒழுங்காக இருந்தும் மிஷின் சோம்பினால் அப்புறம் பிட்சைப் பற்றிப் பேசலாம். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் கடையில் கேட்டால் “பெரிய பல்லு, நல்லா கடிக்கும் சார்” என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள், வாங்குகிறவரும் அதை நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்.

பிட்ச் என்பது பல்லின் உயரமும் இல்லை, அகலமும் இல்லை. செயினைத் தரையில் நீட்டிப் போட்டு அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளைப் பாருங்கள். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவது ரிவெட்டின் நடுவு வரை அளந்து, வருவதைப் பாதியாக்கினால் அதுதான் பிட்ச். இரண்டு ரிவெட்டுக்கு இடையில் நேராக அளந்தால் என்ன என்று கேட்கலாம். பாரின் காடிக்குள் இறங்கி ஓடும் டிரைவ் லிங்க்கில் உள்ள இரண்டு ரிவெட்டுக்கு நடுவே ஒரு தூரம், அதை ஒட்டி வரும் பல்லிலோ பக்க இணைப்புப் பட்டையிலோ வேறொரு தூரம், இரண்டும் சமமாக இருக்காது. அதனால்தான் மூன்றைச் சேர்த்து அளப்பது. .325 செயினில் அந்த மூன்று ரிவெட் தூரம் 16.5 மி.மீ. வரும், 3/8 செயினில் 19 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும், .404 செயினில் 20.5 மி.மீ. வெர்னியர் இருந்தால் நல்லது, ஸ்டீல் ஸ்கேல் வைத்தாலே .325க்கும் 3/8க்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அளக்கவும் பொறுமை இல்லை என்றால் செயினிலேயே எண் அடித்திருக்கும், துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஓரிகான் செயினின் டிரைவ் லிங்க்கில் 20, 21, 22 என்று இருந்தால் மூன்றுமே .325 பிட்ச்தான், தடிமன் மட்டும் முறையே .050, .058, .063 இஞ்ச். 72, 73, 75 என்று இருந்தால் முழு 3/8. 91 என்று இருந்தால் 3/8 லோ புரொஃபைல். ஸ்டில் செயினில் பல்லுக்கு முன்னால் நிற்கும் ரேக்கரில் 2 என்று இருந்தால் .325, 3 என்றால் 3/8, 6 என்றால் சின்ன மிஷினில் வரும் 3/8. டிரைவ் லிங்க்கில் 3, 5, 6 என்று இருப்பது 1.3, 1.5, 1.6 மி.மீ. தடிமன். ஒரு எச்சரிக்கை: லோ புரொஃபைல் 3/8-ம் முழு 3/8-ம் காகிதத்தில் ஒரே அளவு, ஆனால் உடம்பு வேறு. ஒன்றின் பாரில் இன்னொன்றைப் போட்டு ஓட்டாதீர்கள்.

தடிமன் என்று சொன்னது பார் காடிக்குள் இறங்கி ஓடும் டிரைவ் லிங்க்கின் கனம். நம் ஊரில் அதிகம் விற்கும் 52, 58 சிசி சீன மிஷின்களில் பெரும்பாலும் .325 பிட்ச், .058 தடிமன், 20 இஞ்ச் பாருக்கு 76 லிங்க், 22 இஞ்ச்சுக்கு 86 லிங்க் வரும். தடிமனுக்கும் அறுக்கும் வேகத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது, காடிக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அகலக் காடியில் மெல்லிய செயின் ஓடினால் அது சாய்ந்து சாய்ந்து அறுத்து வெட்டு வளைந்துபோகும். அதை மட்டும் பார்த்துக்கொண்டால் தடிமனை விட்டுவிட்டு பிட்சுக்குப் போகலாம்.

3/8 செயின் வேகமாக அறுக்கும் என்பதற்கு ஆட்கள் சொல்லும் முதல் காரணம், பல் எண்ணிக்கை குறைவு, அதனால் ஒவ்வொரு பல்லுக்கும் கிடைக்கும் பலம் அதிகம் என்பது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணச் செயினில் இரண்டு டிரைவ் லிங்க்குக்கு ஒரு பல். .325-இல் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 33 மி.மீ., 3/8-இல் சுமார் 38 மி.மீ. 30 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு தென்னந்துண்டில் செயின் நடுவில் ஓடும்போது ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருப்பது .325-இல் 9 பல், 3/8-இல் 8 பல். ஒரே ஒரு பல்தான் வித்தியாசம். இதற்காகவா பார், ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் மாற்றுவது? மரம் 60 செ.மீ. ஆனால் வித்தியாசம் இரண்டு பல்லுக்கு வரும், அப்போதும் அது பெரிய விஷயமில்லை.

அடுத்தது, பெரிய பல் ஆழமாகக் கடிக்கும் என்பது. இதுதான் பலரும் நம்புவது, இதில்தான் உண்மை குறைவு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது பல்லின் அளவு இல்லை, அதன் முன்னால் நிற்கும் ரேக்கர். பல்லின் முனைக்கும் ரேக்கரின் தலைக்கும் உள்ள உயர வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுதான் சீவல் வரும், தச்சர் இழைப்புளியில் அலகு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு கனத்துக்குச் சுருள் வருகிற மாதிரி. .325 செயினுக்கும் சரி, 3/8 செயினுக்கும் சரி, தயாரிப்பவர்கள் சொல்லும் இந்த அளவு ஒன்றேதான், 0.65 மி.மீ. .404-க்குப் போனால்தான் 0.8 ஆகிறது. ஆக 3/8 பல் ஆழமாகக் கடிப்பதில்லை. அகலமாக வெட்டுகிறது, பொதுவாக .325 போடுவதைவிட அகலமான வெட்டுவாய், அதாவது ஒரே மரத்தில் அதிக மரத்தைத் தூளாக்கி வெளியே தள்ளுகிறது. அந்தக் கூடுதல் வேலைக்கு இன்ஜின்தான் பெட்ரோல் செலவழிக்க வேண்டும்.

செயின் பல்லின் இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. 1940-களில் செயின் பல் கைவாள் பல் மாதிரி கூராக நின்று மரத்தைக் கீறிக்கொண்டே போகும், அடிக்கடி தீட்ட வேண்டும், தூளும் வெளியே சரியாக வராது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மரம் வெட்டும் வேலை செய்த ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்பவர் 1946-இல் ஒரு மரத்துண்டுக்குள் வண்டின் புழு ஒன்று மரத்தைக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். விரல் கனத்தில் ஒரு புழு, நாரின் போக்கிலும் குறுக்கிலும் ஒரே சுலபத்தில் வழி செய்கிறது. அதன் தாடை இரண்டும் இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டுவதைப் பார்த்து, அதே வடிவில் எஃகில் பல் செய்து, 1947-இல் போர்ட்லாண்டில் செயின் கம்பெனி தொடங்கினார். இன்றைக்கு நம் மிஷினில் இடது பல், வலது பல் என்று மாறி மாறி வருகிறதே, அது அந்தப் புழு கற்றுக்கொடுத்தது. .325-ஆக இருந்தாலும் 3/8-ஆக இருந்தாலும் வேலை செய்யும் விதம் அதேதான்.

அப்படியானால் 3/8 மாற்றியவர்கள் “வேகம் கூடியிருக்கு” என்று சொல்கிறார்களே, அது பொய்யா? பொய்யில்லை. ஆனால் அந்த வேகம் பல்லிலிருந்து வரவில்லை, ஸ்ப்ராக்கெட்டிலிருந்து வருகிறது. 7 பல் .325 ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்று சுற்றினால் செயின் சுமார் 116 மி.மீ. நகரும். 7 பல் 3/8 ஸ்ப்ராக்கெட்டின் சுற்று அதைவிடப் பெரியது, ஒரு சுற்றுக்குச் சுமார் 133 மி.மீ. இன்ஜின் 10,000 சுற்றில் ஓடினால் முதலாவதில் செயின் வேகம் நொடிக்கு 19 மீட்டர், இரண்டாவதில் 22 மீட்டர். ஏறக்குறைய 15 சதவீதம் வேகம் கூடுகிறது. ஆனால் இது சைக்கிளில் கியர் மாற்றுவது மாதிரியான கணக்கு இல்லையா என்று யோசித்தாலே போதும், வேகம் கூடிய அளவுக்கு இழுவை குறையும். பலமுள்ள இன்ஜின் என்றால் தாங்கும், சுற்று கொஞ்சம் இறங்கினாலும் செயின் வேகம் பழையதைவிட அதிகமாகவே இருக்கும். பலம் இல்லாத இன்ஜின் கெட்டி மரத்தில் மாட்டிக்கொண்டால் சுற்று சடாரென்று விழுந்துவிடும், கையை லேசாக எடுத்து எடுத்துத்தான் அறுக்க வேண்டும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணிக்கணக்கில் வேலை குறைந்திருக்கும்.

ரிம் வகை ஸ்ப்ராக்கெட், அதாவது பல் வளையம் மட்டும் தனியாகக் கழலும் வகை, உள்ள மிஷினில் இன்னொரு வழியும் இருக்கிறது. .325 பிட்சிலேயே 7 பல் ரிம்மைக் கழற்றிவிட்டு 8 பல் ரிம் போட்டால் ஒரு சுற்றுக்கு 132 மி.மீ. வந்துவிடுகிறது, 3/8 கொடுப்பதற்குச் சமம். பார், செயின் எதையும் மாற்ற வேண்டாம், செயினில் கூடுதல் லிங்க் தேவைப்படுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், பெரும்பாலும் டென்ஷன் திருகிலேயே சரிக்கட்டிவிடலாம். மெல்லிய மரத்தில் வேகம் வேண்டுமென்றால் 3/8-ஐவிட இதைத்தான் நான் சொல்வேன். டிரம்மோடு சேர்த்தே வார்த்த ஸ்ப்ராக்கெட் உள்ள மிஷினில் இந்தச் சௌகரியம் கிடையாது.

இன்ஜின் பலம் என்றதும் எல்லாரும் சிசியைச் சொல்வார்கள். சிசி பாதிக் கதைதான். ஸ்டில் எம்எஸ் 271-ம் எம்எஸ் 261-ம் இரண்டுமே 50.2 சிசி, முதலாவது 2.6 கிலோவாட், இரண்டாவது 3.0 கிலோவாட், எடையும் இரண்டாவதுதான் குறைவு. ஹஸ்க்வர்னாவில் 455 ராஞ்சர் 55.5 சிசி, 2.6 கிலோவாட், அமெரிக்காவில் 3/8 செயினோடு விற்கிறது. அதே கம்பெனியின் 550 எக்ஸ்பி வெறும் 50.1 சிசி, பலம் அதைவிட அதிகம், தொழிலாக மரம் வெட்டுபவர்களுக்காகச் செய்தது, அதில் வருவது .325. பலம் அதிகமான மிஷினில் சின்ன பிட்ச், குறைந்ததில் பெரிய பிட்ச். காட்டில் நாள் முழுக்க நின்று அறுப்பவருக்கு மெலிந்த வெட்டுவாயும் லேசான பாரும் அதிர்வில்லாத ஓட்டமும் முக்கியம் என்று நினைத்திருக்கிறார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. .325-இல் பற்கள் நெருக்கமாக வருவதால் மரத்தில் வைத்ததும் மிஷின் குதிக்காது, கைக்கு வரும் உதறல் குறைவு. ஒரு நாள் முழுக்க அறுத்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது விரல் மரத்துப்போய் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி நம் மரங்களுக்கு வருவோம். எங்கள் டெல்டா பக்கம் வீட்டுக்கு வீடு மிஷின் வந்தது கஜாவுக்குப் பிறகுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல், பட்டுக்கோட்டை பேராவூரணி வரைக்கும் தென்னையைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, விழுந்த மரத்தை அப்புறப்படுத்தாமல் தோப்புக்குள் நடக்கக்கூட முடியவில்லை. தென்னை வினோதமான மரம். பட்டையை ஒட்டிய வெளிச்சுற்று நல்ல கெட்டி, நடுவே போகப் போகச் சோறு. கெட்டியான வெளிச்சுற்று பல்லை சீக்கிரம் மழுக்கும், நடுவில் இருக்கும் நார் நீளநீளமாகக் கிழிந்து வந்து ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். இரண்டு மரம் அறுத்ததும் மூடியைத் திறந்து நாரை நோண்டி எடுக்காவிட்டால் பாருக்கு எண்ணெய் போகும் ஓட்டையும் சேர்ந்து அடைபடும். இங்கே பிட்ச் பெரிதானால் நாரும் பெரிதாக வரும் என்பதைத் தவிர லாபம் ஒன்றும் இல்லை. தென்னைக்கு வேண்டியது .325, அதிலும் மூலை சற்று உருண்ட செமி சிசல் பல். கூர் முனையுள்ள ஃபுல் சிசல் முதல் துண்டில் அபாரமாக அறுக்கும், மண்ணும் கெட்டி நாரும் பட்டதும் அந்த முனை போய்விடும், முனை போனால் அதில் ஒன்றும் இல்லை.

சீமைக்கருவேலத்துக்கு .325 பற்றிப் பேச்சே வேண்டாம், அதுதான். ஒரே தூரில் ஏழெட்டுக் கிளை, கை கனம், தொடை கனம், வளைந்து நெளிந்து, முள் வேறு. இதில் 3/8 செயினை வைத்தால் மெல்லிய கிளையைப் பல் கொக்கி போட்டு இழுக்கும், கிளை ஆடி மூஞ்சியில் அடிக்கும். பாரின் மூக்கு நுனியில், மேல்பாதியில் ஏதாவது பட்டால் மிஷின் பின்னோக்கி எகிறும் என்பது எந்தச் செயினிலும் உண்டு. புதருக்குள் நுனி எதில் படுகிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது என்பதால் கருவேலத்தில் அது இன்னும் ஆபத்து. செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

புளி, வாகை, வேம்பு, தூங்குமூஞ்சி என்று அடி பருத்த மரங்களில்தான் கேள்விக்கு இடம் இருக்கிறது. பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் 58 சிசி மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார், “அண்ணே, புளிய மரத்துல வச்சா பொகைதான் வருது, 3/8 மாத்திரலாம்னு இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க?” என்று. 22 இஞ்ச் பார். மிஷினைத் தொடுவதற்கு முன்னால் அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தேன், அத்தனையும் மாவு. நல்ல கூருள்ள செயின் குறுக்கே அறுக்கும்போது சதுரம் சதுரமாகச் சீவல் விழ வேண்டும், கையில் எடுத்தால் விரலுக்கு நடுவே நிற்க வேண்டும். செயினைத் துடைத்து வெயிலில் பிடித்தால் ஒரு பக்கத்துப் பல் எல்லாவற்றிலும் முனையில் வெள்ளைக்கோடு மின்னியது, மழுங்கிய விளிம்பில்தான் வெளிச்சம் அப்படிப் பளிச்சிடும். பலமுறை தீட்டித் தீட்டிப் பல் குட்டையாகியிருந்தது, ரேக்கரை ஒருமுறைகூடத் தொடவில்லை, அதனால் பல்லும் ரேக்கரும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. பல் எப்படிக் கடிக்கும்? மரத்தை உரசிக்கொண்டு மட்டும் ஓடும், உரசினால் புகை வராமல் என்ன செய்யும்? 4.8 மி.மீ. உருட்டு அரத்தால் ஒவ்வொரு பல்லையும் 30 டிகிரியில் தீட்டி, தட்டை அரத்தால் ரேக்கரை இறக்கி, அதே மரத்தில் அதே செயினைத்தான் வைத்தோம். பாரை அழுத்தவே தேவைப்படவில்லை, மிஷினின் எடையிலேயே இறங்கியது. 3/8 பேச்சை அவர் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

அவருக்கு நான் சொன்ன இன்னொரு விஷயம் அந்த 22 இஞ்ச் பார். விற்கும்போது பெரிய பார் போட்டு விற்றால் மிஷின் கம்பீரமாகத் தெரிகிறது, அது வாங்குபவருக்கும் பிடிக்கிறது. ஆனால் 86 லிங்க் செயினில் 43 பல், 18 இஞ்ச்சில் 72 லிங்க், 36 பல். அத்தனை நீளச் செயினையும் காடிக்குள் இழுத்துக்கொண்டு ஓடுவதற்கே இன்ஜினின் பலத்தில் ஒரு பங்கு போகிறது, எண்ணெயும் கூட வேண்டும், தீட்டுவதற்கும் 7 பல் கூடுதல். நம் ஊரில் வெட்டும் தென்னை 30, 35 செ.மீ.தான் இருக்கும், 16 இஞ்ச் பாரே 40 செ.மீ. அறுக்கும். அடி பருத்த மரத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் அறுத்துக்கொண்டு வந்தால் 18 இஞ்ச் பாரில் எதையும் சமாளிக்கலாம். 50 சிசி மிஷினில் 22 இஞ்ச் பாரை 18 ஆக்கிப் பாருங்கள், புது மிஷின் வாங்கியது போல இருக்கும். பிட்சை மாற்றுவதைவிட இதற்குச் செலவும் குறைவு.

தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செயின் ஓட ஓட ரிவெட்டுகள் தேயும், தேயத் தேயச் செயின் நீளும், நீண்டால் பிட்சே மாறிவிட்டது என்றுதான் அர்த்தம். .325 என்று வாங்கியது இப்போது .325 இல்லை. அந்த நீண்ட செயினுக்கு ஏற்ப ஸ்ப்ராக்கெட் பல்லும் குழிந்திருக்கும். அதன்மேல் புதுச் செயினைப் போட்டால் டிரைவ் லிங்க் எல்லாம் அடியில் நசுங்கி, கொஞ்ச நாளில் புதுச் செயினும் பாழ். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது கம்பெனிகள் சொல்லும் கணக்கு. குழி அரை மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் மாற்றிவிட வேண்டும். இரண்டு செயினைச் சேர்த்து வாங்கி மாற்றி மாற்றி ஓட்டினால் மூன்றும் ஒரே சீராகத் தேயும்.

சரி, 3/8 எப்போது? இன்ஜின் 55 சிசிக்கு மேல், 2.8 கிலோவாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பார் 18 இஞ்ச்சுக்கு மிகக் கூடாது, வேலையில் பெரும்பகுதி 40 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டைகளாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து வந்தால் போடலாம். எக்கோ சிஎஸ்-590 போல 59.8 சிசியில் கம்பெனியே 3/8 போட்டுக் கொடுக்கும் மிஷின்கள் இருக்கின்றன, அவற்றில் அதையே வைத்துக்கொள்ளுங்கள், .325-க்கு மாற்றிச் சிரமப்பட வேண்டாம். 3/8 பல் நீளமானது, அதனால் அதிக முறை தீட்டலாம், செயினும் பருமனாக இருப்பதால் பட்டைக்குள் மண் புகுந்த மரத்திலும் ஆணி அடித்த மரத்திலும் சீக்கிரம் அறுந்துபோகாது. சாலையோரப் புளிய மரம் வெட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயம். இன்னொரு நியாயமான காரணமும் உண்டு: ஏற்கெனவே 70 சிசி மிஷின் ஒன்று 3/8-இல் ஓடுகிறது, ஆட்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றால், இரண்டுக்கும் ஒரே பிட்ச் இருந்தால் ஒரே அரம் போதும், தோப்புக்கு நடுவே நின்றுகொண்டு எந்த அரம் எதற்கு என்று தேட வேண்டாம்.

மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால் அரைகுறையாக மாற்றக் கூடாது. ஸ்ப்ராக்கெட், பார், செயின் மூன்றும் 3/8 ஆக வேண்டும், பாரின் மூக்கில் சுழலும் குட்டிச் சக்கரத்துக்கும் பிட்ச் உண்டு, அதை மறந்துவிட்டுப் பழைய பாரையே வைத்துக்கொண்டால் செயின் மூக்கில் ஏறி ஏறி இறங்கும். அரமும் மாறும், 4.8 மி.மீ.க்குப் பதில் 5.2 அல்லது 5.5, எது என்பதைச் செயின் வந்த அட்டையிலேயே போட்டிருப்பார்கள். கடையில் இஞ்ச்சைச் சொல்லிச் செயின் கேட்காதீர்கள். 3/8-இல் ஒரே 18 இஞ்ச்சுக்கு ஒரு கம்பெனி 66 லிங்க், இன்னொரு கம்பெனி 68 லிங்க் என்று வைத்திருக்கிறது. பிட்ச், தடிமன், லிங்க் எண்ணிக்கை மூன்றையும் சொல்லி, ரோலிலிருந்து வெட்டிக் கொடுத்தால் கண்ணெதிரே எண்ணச் சொல்லி வாங்குங்கள். அப்புறம், ஸ்ப்ராக்கெட் டிரம்மை எடுக்க கிளட்சைக் கழற்றும்போது அதன் மரை தலைகீழாக இருக்கும், கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் நைலான் கயிற்றை உள்ளே விட்டு பிஸ்டனை நிறுத்திக்கொள்ளுங்கள், இரும்புத் திருப்புளியை மட்டும் உள்ளே விடாதீர்கள்.